பால்கனிக் கம்பியை மேலே தூக்கச் சொன்னது யார்?

கேள்வி: நான் திருச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். 2015-இல் சிவில் இன்ஜினியரிங் முடித்தேன். ஓர் அரியர்கூட வைக்காமல் முதல் வகுப்பில் தேறினேன். கல்விக் கடனை அடைக்க வேண்டியிருந்ததால் கிடைத்த வங்கி வேலையில் சேர்ந்தேன். எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அப்பா எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்கிறார். போன மாதம் மேஸ்திரி என்னிடம், சிலாப் கனம் ஐந்து அங்குலம் போதுமா, ஆறு வேண்டுமா என்று கேட்டார். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. பால்கனியில் கம்பி கட்டியிருந்ததைப் பார்த்தபோது மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது. மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன். ஏன் என்று மேஸ்திரி கேட்டார், சொல்லத் தெரியவில்லை. அப்பா பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் பேசவில்லை. அவர் வாங்கிய கடனும் என்னுடைய நான்கு ஆண்டுகளும் வீண்தானா? எல்லோருக்கும் இப்படித்தான் மறந்துபோகுமா? மறுபடி படிக்க ஆசை இருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் பால்கனி பற்றிய அந்த வரியில்தான் நின்றேன். சிலாப் கனத்துக்குப் பதில் தெரியாததை மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். இதையோ போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். 31 ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் கட்டமைப்புப் பாடங்கள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி அதுதான். உங்கள் கேள்விகளுக்கான பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் உங்களுக்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் சிலாப் இரண்டு பக்கமும் சுவர்மேலோ பீம்மேலோ உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறினால் நடுவில் தொய்யும். தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதன் தாங்குதிறன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதனால் இழுபடும் அடிப்பக்கத்தில் கம்பி கொடுக்கிறோம். பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. பாரம் ஏறினால் முனை தாழும். அப்போது இழுபடுவது மேற்பக்கம். எனவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சிலாப் முழுக்கக் கீழே கம்பி கட்டிக்கொண்டே வரும் கை, பால்கனியிலும் பழக்கத்தில் அப்படியே கட்டிவிடும். ஒழுங்காக மேலே கட்டினாலும், கலவைச் சட்டியோடு நடப்பவர்கள் மிதித்து மிதித்துத் தாழ்த்திவிடுவார்கள். ஐந்து அங்குலப் பால்கனியில் மேலே இருக்க வேண்டிய கம்பி இரண்டு அங்குலம் கீழே இறங்கினால், அதன் வலிமையில் ஏறக்குறையப் பாதி போய்விடும். கான்கிரீட் போட்டு மூடிய பிறகு இது எவர் கண்ணுக்கும் தெரியாது. சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் தெரியும். அல்லது திருவிழா அன்று பத்துப் பேர் ஒன்றாக நின்று சாமி ஊர்வலம் பார்க்கும்போது தெரியும்.

மூடுவதற்கு முன்னால் அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எட்டு ஆண்டுகளாக வங்கிக் கணக்குகளையே பார்த்துவந்த கண் அது. கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வங்கியில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அது உங்கள் படிப்பிலிருந்து வந்தது. சொல் போய்விட்டது, சூத்திரம் போய்விட்டது, அடியில் இருந்த புரிதல் போகவில்லை. அந்தப் புரிதலை நினைவு என்று நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. படிப்பை எல்லாம் மறந்துவிட்டேன் என்று எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் கணக்குப் பிழை இதுதான். தேர்வுத்தாளில் எழுதக்கூடியதை மட்டுமே எண்ணிப் பார்த்துவிட்டு, கையிருப்பு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் வகுப்பில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்திருப்பேன். முழ நீளம், அதன் பக்கவாட்டில் பேனாவால் மேலிருந்து கீழாக வரிசையாகக் கோடுகள் போட்டிருக்கும். இரு முனைகளிலும் புத்தகத்தை முட்டுக்கொடுத்து நடுவில் விரலால் அழுத்தினால் மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். அதையே ஒரு முனையில் மட்டும் மேசையோடு அழுத்திப் பிடித்து மறுமுனையைத் தாழ்த்தினால் எல்லாம் தலைகீழாகும்: மேலே கோடுகள் விலகும், கீழே நெருங்கும். ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதற்காகத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத் திருமண வீடுகளிலும் பஸ் நிலையத்திலும் என்னைப் பார்க்கும் பழைய மாணவர்கள், நான் பலகை நிறைய எழுதிப்போட்ட நிறுவல்களில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. ஸ்பாஞ்சைச் சொல்கிறார்கள். உங்களுக்கும் எவரோ ஓர் ஆசிரியர் ரப்பரையோ அடிக்கோலையோ வளைத்துக் காட்டியிருப்பார். அல்லது வரைந்து வரைந்து உங்களுக்கே பிடிபட்டிருக்கும்.

இனி மறதிக்கு வருகிறேன். எல்லோருக்கும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம் அம்மா, ஏறத்தாழ எல்லோருக்கும். இதில் 140 ஆண்டுகளாக ஆய்வு நடந்துவருகிறது.

முதலில் இறங்கியவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளை 2,300 அளவில் உருவாக்கி, தானே பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எத்தனை விரைவில் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். அவருடைய அளவுகோலை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மறந்த பட்டியலை மறுபடி படிக்கும்போது முதல்முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழித்துப் படித்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம். 31 நாள் கழித்துப் படித்தாலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அர்த்தமே இல்லாத ஒன்றிலும் இவ்வளவு தங்கியிருந்தது. நீங்களோ அர்த்தம் உள்ளதைப் படித்தவர்.

படித்ததில் பாதியை அர்த்தம் தெரிந்தா படித்தீர்கள் என்பது வேறு கேள்வி. அதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்த பிள்ளைகளை முதல் ஆண்டில் ஒவ்வொரு வருடமும் பார்த்தவன் நான். வகுப்பில் கேட்டால் சரியான படம் வரைவார்கள், தமிழில் கேட்டால் காரணம் சொல்வார்கள். ஆனால் தேர்வுக்காக ஆங்கில வரையறையை எழுத்துப் பிசகாமல், ஓசையாகவே உருப்போடுவார்கள். 'டெவலப்மெண்ட் லென்த்' என்றால் என்ன என்று கேட்டால் நான்கு வரி கடகடவென்று வரும். கம்பி கான்கிரீட்டைவிட்டு உருவிக்கொண்டு வராமல் இருக்க எவ்வளவு நீளம் உள்ளே புதைந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த நான்கு வரியும் சொல்வது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். எபிங்ஹாஸின் பொருளற்ற அசைகளை நாம் ஆண்டுதோறும் பல்லாயிரம் பிள்ளைகளின் வாயில் திணிக்கிறோம். அந்த நான்கு வரி மறந்துபோனதில் வியப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. எந்த வழியில் படித்தாலும், காரணத்தைப் பிள்ளையின் சொந்த மொழியில் ஒருமுறையாவது பேச வைக்காத வகுப்பு முழு வகுப்பு ஆகாது என்பது என் கருத்து. அதைச் செய்யாமல் விட்டதில் என் தலைமுறை ஆசிரியர்களுக்குப் பெரும் பொறுப்பு இருக்கிறது.

நெடுங்கால மறதியைப் பற்றி எனக்கு மிகவும் ஆறுதல் தந்தவர் அமெரிக்காவில் ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹேரி பாரிக். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் மொழி படித்த 733 பேரை அவர் சோதித்தார். சிலர் அப்போதுதான் முடித்தவர்கள், சிலர் முடித்து 50 ஆண்டு ஆனவர்கள். 1984-இல் முடிவுகள் வந்தன. முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் மளமளவென்று மறக்கிறது. அதன்பிறகு மறதி நின்றுவிடுகிறது. எஞ்சியது அடுத்த 25, 30 ஆண்டுகளுக்கு, இடையில் அதைத் தொட்டே பார்க்காதவர்களிடமும், ஏறக்குறைய அப்படியே கிடக்கிறது.

நீங்கள் முடித்தது 2015. போக வேண்டியது போய்விட்டது. இப்போது உங்களிடம் இருப்பது எளிதில் போகாத பகுதி. இன்னும் தாமதித்தால் இதுவும் போய்விடுமோ என்ற பதற்றம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதை இறக்கி வையுங்கள்.

எது தங்குகிறது, எது போகிறது என்பதற்கும் பதில் உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த 373 பேரை, படிப்பு முடித்துப் பன்னிரண்டு ஆண்டு ஆனவர்கள்வரை, மார்ட்டின் கான்வேயும் அவருடன் இருந்தவர்களும் சோதித்து 1991-இல் வெளியிட்டார்கள். ஆய்வாளர்களின் பெயர்கள் வேகமாக மறந்தன. கருத்துகள் அதைவிட மெதுவாக மறந்தன. ஓர் ஆய்வை எப்படி வடிவமைப்பது, கணக்கை எப்படிப் பார்ப்பது என்ற முறை மட்டும் அநேகமாகக் குறையவே இல்லை. அதை அவர்கள் ஒரு பாடத்தோடு விடாமல் பல பாடங்களில் திரும்பத் திரும்பச் செய்திருந்தார்கள். பாரிக்கும் லிண்டா ஹாலும் அதே 1991-இல் கணிதத்தில் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. பள்ளி இயற்கணிதத்தோடு நிறுத்தியவர்களுக்கு அது காலப்போக்கில் ஏறக்குறைய முழுக்கவே கரைந்தது. கல்லூரியில் நுண்கணிதம்வரை போனவர்களுக்கோ அதே பள்ளி இயற்கணிதம் ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்தும் பெரிதாகக் குறையவில்லை. மேலே கட்டிய பாடம் கீழே இருந்த பாடத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

உங்களுக்குப் பால்கனி மட்டும் ஏன் தங்கியது என்று இப்போது புரிகிறதா? கான்டிலீவர், அதாவது பால்கனிபோல் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளது, எந்தப் பக்கம் இழுபடும் என்பதை முதலில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் பார்த்தீர்கள். அடுத்து ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸில் நூறு முறை பெண்டிங் மொமெண்ட் படம், அதாவது பாரம் பீமை எந்த இடத்தில் எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்று காட்டும் படம், வரைந்தீர்கள். பிறகு கான்கிரீட் டிசைனில் அந்தப் படத்தைப் பார்த்துக் கம்பி வைத்தீர்கள். தடுப்புச் சுவரும் அடித்தளமும் வந்தபோது மறுபடி அதே. ஆண்டுக்கணக்கில் மேலே மேலே கட்டப்பட்ட ஒன்று அது. ஐந்தா ஆறா என்ற கனம் ஒரு கணக்கின் கடைசி வரியில் வரும் எண். எண்ணுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அந்த எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேஸ்திரி கேட்டதற்கு உடனே பதில் சொல்லாததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அறையின் குறுகிய பக்கம் எத்தனை அடி, எத்தனை பக்கம் தாங்கல் இருக்கிறது, அடுத்த அறைக்கு சிலாப் தொடர்கிறதா, மேலே என்ன பாரம் வரப்போகிறது என்றெல்லாம் கேட்காமல், நின்ற இடத்தில் ஐந்து போதும் என்று சொல்லும் இன்ஜினியரைத்தான் நான் சந்தேகப்படுவேன். இந்தக் கணக்குக்கான விதிகளை யாரும் தலையில் சுமப்பதில்லை. அதற்காகத்தான் ஐ.எஸ். 456 என்ற விதிநூல் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. டிசைன் தேர்வில் அந்த நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே எழுதினீர்கள்? தேர்வு மண்டபத்திலேயே மனப்பாடமாகக் கேட்கப்படாத ஒன்றை, எட்டு ஆண்டு கழித்துக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் உங்களிடமே நீங்கள் கேட்டு வருந்துகிறீர்கள்.

மருத்துவர்களுக்கும் இது உண்டு. மருத்துவப் படிப்பின் அடிப்படை அறிவியல் பாடங்கள் எவ்வளவு தங்குகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கஸ்டர்ஸ் என்பவர் 2010-இல் எழுதினார்: ஓராண்டில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்குவரை நிற்கிறது, அடுத்த ஆண்டில் பாதிக்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது. உயிரைக் காக்கும் படிப்பிலேயே இந்த நிலை. எனக்கும் லாப்லாஸ் உருமாற்றம் என்ற கணித முறை இன்று வராது. படித்த காலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் அது. நான் நடத்திய எந்தப் பாடத்திலும் அது தேவைப்படவில்லை, போய்விட்டது.

சரி, வீணா என்ற கேள்வி. உங்கள் மனம் குளிர்வதற்காக எதுவும் வீணாகவில்லை என்று எழுத மாட்டேன். ஒரு பகுதி வீண்தான். எப்படி வீணாயிற்று என்பது உங்களுக்கே தெரியும். பருவம் முழுக்க வகுப்பில் குறிப்பு எடுத்தீர்கள். தேர்வு நெருங்கியதும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மதிப்பெண் வினா விடைத் தொகுப்பு வாங்கினீர்கள். முந்தைய ஐந்து ஆண்டுக் கேள்வித்தாள்களைப் புரட்டி, எந்தப் பதினாறு மதிப்பெண் வினா திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்தீர்கள். இடையில் கிடைத்த இரண்டு நாள் விடுமுறையில் அவற்றை மறுபடி மறுபடி வாசித்தீர்கள். எழுதி முடித்த அன்று மாலையே அடுத்த பாடத்தின் தொகுப்பைத் திறந்தீர்கள். முந்தைய பாடத்தைப் பற்றி அதன்பிறகு உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் செய்த சோதனையைப் பாருங்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தவணை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தவணை வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. மறுநாள் தேர்வுக்கு வாசிப்பே போதும் என்று நம் பிள்ளைகள் அனுபவத்தில் கண்டுபிடித்தது சரிதான். அந்த ஐந்து நிமிட வெற்றிக்கு ஏற்றபடிதான் நாம் தேர்வு வைக்கிறோம்.

கான்கிரீட் டிசைன் வகுப்பின் முதல் நாளில் நான் வெற்றுத்தாள் கொடுத்து, மூன்று பீம் படம் போட்டு, பெண்டிங் மொமெண்ட் வரையச் சொல்வேன். முந்தைய பருவத்தில் அந்தப் பாடத்தில் நிறைய மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. முதல் சில ஆண்டுகள் அவர்களைக் கடிந்துகொண்டேன். பிறகுதான் இந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எனவே அந்தப் பகுதி உங்கள் சோம்பலாலோ திறமைக் குறைவாலோ போகவில்லை. அப்பாவிடமும் இதை இப்படியே சொல்லலாம். அவருடைய மௌனத்துக்கு நான் பொருள் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன பிறகுதானே அந்தக் கம்பி மேலே ஏறியது? அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

மறுபடி படிக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். நான்கு ஆண்டும் வேண்டாம்.

வங்கி வேலையை விடாமல், காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கும் இடத்தில் இரண்டு மணி நேரம். மூன்று பாடம் போதும்: ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், கான்கிரீட் டிசைன். இதே வரிசையில். சர்வே, நீரியல், சாலைப் போக்குவரத்து எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்தே இருங்கள். தேவை வரும்போது அவை திரும்பும்.

நோட்டை முதலில் திறக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். திறந்ததும், எல்லாம் அந்நியமாக இருக்கிறது என்று தோன்றும். அல்லது, ஓ, இது தெரிந்ததுதானே என்று தோன்றும். இரண்டுமே உண்மை நிலவரம் ஆகாது. வெற்றுத்தாளை எடுங்கள். இரு பக்கமும் தாங்கிய பீமையும் ஒரு பக்கம் மட்டும் பிடித்த பீமையும் வரையுங்கள். எங்கே வளையும், எந்தப் பக்கம் இழுபடும், எந்த இடத்தில் அதிகம் இழுபடும் என்று பென்சிலால் குறியுங்கள். தவறாகவே குறித்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். ஒரே நீளம், ஒரே சீரான பாரம் என்றால், அதிகபட்ச பெண்டிங் மொமெண்டைக் காண, இரு பக்கமும் தாங்கிய பீமுக்கு அடிக்கு இவ்வளவு என்ற பாரத்தை அந்த நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுப்போம். ஒரு பக்கம் பிடித்ததற்கு இரண்டால் வகுப்போம். நான்கு மடங்கு. பால்கனி ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். இந்த முறை அந்த வரி உங்களுக்கு மறக்காது, ஏனென்றால் அதை மாட்டி வைக்க உங்கள் வீட்டிலேயே ஒரு பால்கனி இருக்கிறது.

அதே படத்தை மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து, மாதம் கழித்து, ஒவ்வொரு முறையும் வெற்றுத்தாளில் வரையுங்கள். ஒரே நாளில் பத்து முறை வரைவதைவிட இப்படி இடைவெளி விட்டு ஐந்து முறை வரைவது அதிகம் தங்கும். விளக்கம் கேட்க வேண்டுமானால் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அப்படியே அடுத்ததற்குப் போகாதீர்கள். நிறுத்திவிட்டு, கேட்டதைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே திணறுகிறீர்களோ அங்கேதான் இன்னும் படிக்க வேண்டும்.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸின் முதல் பாதி நீங்கள் நினைப்பதைவிட விரைவாகத் திரும்பிவிடும். படிப்பை விட்டுவிட்டு மறுபடி வந்த மாணவர்களிடம் நான் கண்டது இது: முதல் இரண்டு வாரம் சுவரில் முட்டிக்கொள்வதுபோல் இருக்கும். அதன்பின் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

உங்களுக்கு இப்போது கிடைத்திருப்பது கல்லூரியில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத ஆய்வுக்கூடம். சொந்த வீடு, கட்டுமானத்தில். மேஸ்திரியைத் தேர்வாளராகப் பார்க்காதீர்கள். முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கியை ஏன் உள்பக்கமாக மடக்குகிறார், கம்பி பலகையைத் தொடாமல் இருக்க வைக்கும் கவர் பிளாக்கை எவ்வளவு தூரத்துக்கு ஒன்று வைக்கிறார், கலவையில் தண்ணீர் அதிகமாகிவிட்டதை எதைப் பார்த்துக் கண்டுகொள்கிறார் என்று அவரிடம் கேளுங்கள். அவர் கையில் இருப்பதற்குக் காரணம் உங்கள் புத்தகத்தில் இருக்கும். மாலையில் போய்த் தேடுங்கள். அவர் உங்களிடம் கேட்ட சிலாப் கனத்தையே முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 456-இல் நீளத்துக்கும், அழுத்தப்படும் பக்கத்திலிருந்து கம்பியின் மையம்வரை உள்ள ஆழத்துக்கும் அடிப்படை விகிதம் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் பிடித்ததற்கு 7, இரு பக்கம் தாங்கியதற்கு 20, தொடர்ந்து போவதற்கு 26. கம்பியின் அளவைப் பொறுத்து இவை திருத்தப்படும். எப்படித் திருத்துவது என்று நூலில் பாருங்கள். போட்ட கணக்கை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான பேச்சு. நீங்கள் திரும்பப் படிப்பது உங்கள் கல்விக்காக. வீடு நிற்க வேண்டியது கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட வரைபடத்தின்மேல். மேஸ்திரி கனத்தை உங்களிடம் கேட்டார் என்பதைப் படித்ததும் எனக்கு வந்த கவலை, அப்படி ஒரு வரைபடம் அங்கே இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் சிலாப் போடுவதற்கு முன் வாங்கிவிடுங்கள். மாடி எடுப்பதால் பழைய பில்லரும் அடித்தளமும் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்பதையும் அந்தப் பொறியாளரே பார்த்துச் சொல்லட்டும். அரைகுறை ஞாபகம் தப்பைக் கண்டுபிடிக்க உதவும், சரியைத் தீர்மானிக்க உதவாது. அன்று நீங்கள் தப்பைக் கண்டுபிடித்தீர்கள். சரி எது என்பதை வரைபடம் சொல்லட்டும். பால்கனிக் கம்பி உள் சிலாபுக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும், முனையில் செங்கல் கைப்பிடிச் சுவர் வருவதைக் கணக்கில் எடுத்தாரா என்று பொறியாளரிடம் கேளுங்கள். முட்டுகளைப் பிரிக்கும்போது பால்கனியின் வெளி முனையிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும் என்று மேஸ்திரியிடமும் சொல்லி வையுங்கள். காரணத்தை இந்த முறை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள், ஸ்பாஞ்சை மனதில் வைத்துக்கொண்டு.

கான்கிரீட் போடும் நாளில் வங்கிக்கு விடுப்பு சொல்லிவிடுங்கள். கலவை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலே ஏறி, பால்கனிக் கம்பிக்குக் கீழே, அதைத் தூக்கிப் பிடிக்கும் நாற்காலி போன்ற 'சேர்' கம்பி கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள். கலவை கொட்டத் தொடங்கியதும் அந்தப் பக்கமே நில்லுங்கள். எவராவது மிதித்துக் கம்பி தாழ்ந்தால் உடனே நிறுத்தச் சொல்லித் தூக்கிவிடச் சொல்லுங்கள்.